சூதாடி என்று யாரைச் சொல்வது?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசைக்குப் பிறகு நடக்கும் ஞானோபதேச வகுப்பில் ஏழாம் கற்பனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். களவு, பொய் நிறை, பொய் அளவு, வேலைக்காரனுக்குச் சேரவேண்டிய கூலியைப் பிடித்து வைத்தல் முதலியவற்றை வழக்கப்படி விரித்துச் சொல்லிவிட்டுக் கடைசியில் சூதாட்டத்துக்கு வந்தேன். அதுவரையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சார், எங்கிட்ட ஒரு கேம் இருக்கு. அதுல வர்றவங்க எல்லாருமே பணத்துக்குத்தான் மோதுவாங்க. ஜெயிச்சா அவங்க பணம் எனக்கு. தோத்துட்டா என் பணத்துல பாதி போயிடும். ஆனா அதுல ஒரு வகை ஆளுங்களுக்கு மட்டும் 'சூதாடி'ன்னு பேர் போட்டிருக்கு. மத்தவங்களும் அதையேதானே சார் செய்யறாங்க? அவன் மட்டும் எப்படி சூதாடி ஆனான்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். "விளையாட்டை வீட்டில் வைத்துக்கொள், கற்பனையை இங்கே படி" என்று சொல்லி உட்கார வைத்தேன். ஆனால் கொரட்டூர் ரயில்வே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடக்கையில், பையன் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று என்று பட்டது. மனச்சாட்சி சாஸ்திரம் படித்தவர்கள் முட்டி மோதுகிற கேள்வியை அவன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறான்.

பெற்றோர்களில் பலருக்கு இந்த விளையாட்டு இன்னதென்று தெரிந்திராது, எனக்கும் தெரியாது. அவன் வீட்டுக்கே போய், துபாயிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த பழைய கைப்பெட்டியில் அவன் காட்டக் காட்டப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போக்கிமான் என்பது அதன் பெயர். 1996-ல் ஜப்பானில் தொடங்கி உலகெங்கும் பரவிய வரிசை அது. சிறுவன் ஒருவன் ஊர் ஊராக நடந்து விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பழக்குகிறான். வழியில் எதிராளிகள் நிற்கிறார்கள். அவர்கள் பார்வையில் பட்டுவிட்டால் மோதியே தீரவேண்டும். எதிராளிகளை அந்த விளையாட்டு இனம் இனமாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது: பூச்சி பிடிக்கும் பையன், மீன் பிடிப்பவர், மலை ஏறுபவர், நீச்சல்காரர், கனவான், இப்படிப் போகிறது ஜாபிதா. அவர்களில் ஓர் இனம் சூதாடி. எட்டாம் எண் சாலையிலும் பதினோராம் எண் சாலையிலும் இவர்கள் நிற்கிறார்கள். நம் பையன் வென்றால் சூதாடி பணத்தைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்பான். அதன்பின் அவனிடம் மோதல் கிடையாது. மீன் பிடிப்பவரும் அப்படியே, பூச்சிப் பையனும் அப்படியே.

அப்படியானால் பையனின் ஆட்சேபணை நியாயமானதே. செய்கை ஒன்று, ஒருவனுக்கு மட்டும் பெயர் வேறு.

அடுத்த ஞாயிறு நான் தயாராக வந்தேன். திறமையால் வெல்வது விளையாட்டு, அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் வைப்பது சூது என்று எல்லோரும் சொல்லும் பதிலை நானும் சொன்னேன். நீதிமன்றங்களும் இப்படித்தான் வகுத்தன என்று பெருமையுடன் எடுத்துக் காட்டினேன். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கில், 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்ற சாமர்த்தியம் வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சொல்லிற்று. நம் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில் 1996-ல் அதே நீதிமன்றம் பந்தயத்தையும் திறமையின் பக்கமே சேர்த்தது.

பையன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எங்க கேம்லயும் அதிர்ஷ்டம் இருக்கு சார். இடி விடற அடி நூத்துக்கு எழுபது தடவைதான் படும். முப்பது தடவை தப்பிடும். அப்ப நானும் சூதாடிதானே?"

வாஸ்தவம். அதிர்ஷ்டம் கலவாத காரியம் உலகில் ஏது? மானம் பார்த்து விதைக்கிறவனும், வலை வீசுகிறவனும், நாளை விலை ஏறுமென்று சரக்குப் பிடிக்கிறவனும் தெரியாத ஒன்றை நம்பித்தான் கையிருப்பை இறக்குகிறார்கள். அவர்களைச் சூதாடி என்பாரில்லை. திருச்சபையும் சீட்டுப் போடுவதையே பாவமென்று சொல்லவில்லை. யூதாசின் இடத்துக்கு ஓர் அப்போஸ்தலரைத் தேர்ந்தபோது, பர்சபா என்ற யோசேப்பு, மத்தியாஸ் ஆகிய இருவர் பேரிலும் சீட்டுப் போட்டார்கள். மத்தியாஸின் பேரில் விழுந்தது. அப்போஸ்தலர் பணியின் முதல் அதிகாரத்திலேயே இது இருக்கிறது. அர்ச். மத்தியாஸ் அதிர்ஷ்டச் சீட்டில் வந்த அப்போஸ்தலர் என்று யாரும் அவரைக் குறைத்துப் பேசியதில்லை.

ஆகவே திறமை, அதிர்ஷ்டம் என்ற தராசு இந்தக் கேள்வியை நிறுக்கப் போதாது. இந்தத் தராசை நம்பி நம் நாடு எத்தனை காலம் அலைக்கழிந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். செல்போனில் பணம் வைத்து ஆடும் ரம்மி தமிழ்நாட்டில் புகுந்து குடும்பங்களை அழித்தபோது, சட்டசபை 2021-ல் ஒரு சட்டம் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்து, அதன் அறிக்கையை வைத்து அக்டோபரில் மறுபடியும் மசோதா நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாகையால் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பின்னர் 2025 பிப்ரவரியில் அரசின் ஆணையம், நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரையில் பணம் வைத்து ஆடக்கூடாது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஆடவே கூடாது என்று விதி செய்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது.

நான்கு வருஷம், அத்தனை வக்கீல்கள், அத்தனை கட்டுக் காகிதம். நடுவில் நின்றது ஒரே கேள்வி: இது திறமையா, அதிர்ஷ்டமா? இரவு இரண்டு மணிக்குக் கூரைக்கு அடியில் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவனின் மனைவிக்கு இந்தக் கேள்வியால் என்ன பிரயோஜனம்? தன் புருஷன் திறமையாகத் தோற்றானா, அதிர்ஷ்டமில்லாமல் தோற்றானா என்று அவள் கேட்கப் போவதில்லை.

1967-ஆம் வருஷத் தீர்ப்பை நான் பாதிதான் சொல்லியிருந்தேன். ரம்மி திறமை ஆட்டமே என்று சொன்ன அதே தீர்ப்பு, அந்த ஆட்டத்தால் வீட்டுக்காரனோ கிளப்பை நடத்துபவனோ லாபம் அடைவதாகத் தெரிந்தால் அப்போது குற்றம் ஏற்படக்கூடும் என்றும் சொல்கிறது. கையில் உள்ள சீட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், மேஜை யாருடையது என்று பார்க்கச் சொல்கிறது. ஆட்டத்தை நடத்தியவர்கள் முதற் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிற்பாதியை அவ்வளவாக யாரும் பிரஸ்தாபித்ததாகத் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் செய்த சட்டம் ஒருவகையில் இந்தப் பிற்பாதிக்குத் திரும்பிற்று. பணம் கட்டி, பணம் வெல்லலாம் என்று ஆடுகிற செல்போன் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் தடை என்றது. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவனுக்கோ தண்டனை ஒன்றும் இல்லை. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அது வேறு கதை. சூதாடியை எதிராளியாக நினையாமல், அடிபட்டவனாக நினைத்து ஒரு சட்டம் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி, பையனின் கைப்பெட்டிக்கு வருவோம். அவனிடம் இரண்டு கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்று பழையது, மற்றது அதே கதையை 2004-ல் புதுக்கிச் செய்தது. பழைய ஆங்கிலப் பதிப்பில் 'சூதாடி' என்றிருந்த அதே ஆள், புதியதில் 'விளையாட்டுக்காரர்' என்று மாறியிருக்கிறான். ஆள் அவனே, நிற்கும் சாலை அதுவே, செய்கையும் அதுவே. பெயரைத் துடைத்துவிட்டார்கள். இது ஜப்பான் கம்பெனிக்கு மட்டும் வந்த வித்தை என்று நினைக்கவேண்டாம். நம் வீதியிலும் 'சூது' என்ற சொல் போய் 'ஆன்லைன் கேம்' வந்தது. 'தோற்றவன்' போய் 'பயனாளர்' வந்தது. 'பணயம்' போய் 'நுழைவுக் கட்டணம்' வந்தது. வள்ளுவர் தம் நூலில் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூது என்ற தலைப்பில்தான் வைத்தார். அவருக்கு இந்த நாசூக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பழைய கேசட்டில் பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. செலடான் என்றொரு நகரம் வருகிறது. அங்கே காசு போட்டுச் சுற்றும் இயந்திரங்கள் நிறைந்த ஒரு கூடம். ஆயிரம் பணத்துக்கு ஐம்பது வில்லைகள். அடுத்த கட்டடத்தில் வில்லைகளுக்குப் பரிசாகப் பிராணிகள். ஒரு பதிப்பில் ஒரு பிராணிக்கு 9999 வில்லை விலை. கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு லட்சம் பணம் ஆகிறது. அந்தக் கூடத்தில் ஒட்டியிருக்கும் ஒரு விளம்பரத்தாளின் பின்னே ரகசிய விசை இருக்கிறது. அதை அழுத்தினால் நிலவறை திறக்கும். அங்கே கொள்ளைக் கூட்டத்தார் கூடாரம். கூடத்தை நடத்துகிறவர்களே அவர்கள்தான்! குழந்தைகள் விளையாட்டில் இதை எழுதிய மனிதர் யாராயிருந்தாலும், 1967 தீர்ப்பின் பிற்பாதியை அறிந்தவர் போலத்தான் எழுதியிருக்கிறார்.

இயந்திரத்தில் ஆட வேண்டுமானால் வில்லைகளைப் போட்டுவைக்க ஒரு பெட்டி வேண்டும். அதை விற்கமாட்டார்கள். அதே நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றையும் அந்த இயந்திரங்களில் தோற்றுவிட்டவன். இனித் தொடமாட்டேன், திருந்திவிட்டேன், இது எனக்கு வேண்டாம் என்று சொல்லி, தன் வில்லைப் பெட்டியைச் சிறுவன் கையில் கொடுத்துவிடுகிறான்.

நான் அந்த இடத்தில் கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். கெட்டுப்போனவன் ஒருவன் மனம் திரும்புகிறான். மனம் திரும்பிய அந்த நிமிஷத்திலேயே அடுத்தவனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறான். பையனுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. "அவன்கிட்டப் பேசினாத்தான் சார் பெட்டி கிடைக்கும்" என்றான். (அந்த இயந்திரங்களை 2010-ல் ஜப்பானுக்கு வெளியே விற்ற பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அவற்றின் இடத்தில் அட்டை திருப்பும் ஆட்டம் ஒன்று வந்தது. அதற்கு வில்லைகளைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. பணத்தின் வாசலை அடைத்தார்கள் என்ற அளவில் சரியான இடத்திலேதான் அடைத்தார்கள்.)

எனக்கு அந்தக் காட்சி ஏன் தைத்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது யோக்கியமாகாது.

நம்மில் அநேகர் அறிந்திருப்பது போல, திருநாட்களில் ஹவுசி நடத்துவது பட்டணத்துப் பங்குகளில் பழைய வழக்கம். ஒருவர் மேடையிலிருந்து எண்களைக் கூவுவார், ஜனங்கள் சீட்டில் அடித்துக்கொண்டே வருவார்கள், பரிசாக ஒரு குக்கரோ சுவர்க் கடிகாரமோ கிடைக்கும். சிரிப்பும் கூச்சலுமாக ஒரு மணி நேரம் போகும். சில வருஷங்களுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு மாலையில் சீட்டு விற்கும் மேஜை என் பொறுப்பில் இருந்தது. சீட்டு ஒன்று ஐம்பது ரூபாய். மிஞ்சும் தொகை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று அறிவித்திருந்தோம்.

ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், கம்பிவேலை, மோட்டார் வேலை தெரிந்தவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தவர். செல்போன் ரம்மியில் மனைவியின் சங்கிலி வரையில் போய்விட்டதென்று தெருவே அறிந்த சங்கதி, எனக்கும் தெரியும். அப்போது அவர் ஆட்டத்தை விட்டு ஆறேழு மாதம் ஆகியிருந்தது. பூசைக்கு வருவார், ஆனால் உள்ளே வராமல் சைக்கிள் நிறுத்தும் இடத்தருகே நிற்பார். அன்று அவரைப் பார்த்ததும் நானே கூப்பிட்டேன். "வாப்பா, ஒரு சீட்டு எடு. உன் அதிர்ஷ்டம் எப்படி என்று பார்ப்போம்" என்று வேடிக்கையாகச் சொன்னேன். மனிதன் கூச்சம் தெளியட்டும், நாலு பேரோடு சேரட்டும் என்பதுதான் என் நினைப்பு. அவர் சிரித்துக்கொண்டே ஒன்று வாங்கினார்.

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வாங்கினார். பிறகு நான்கு. ஐந்தாம் முறை வந்தபோது போனில் பணம் அனுப்பப் பார்த்தார், போகவில்லை. சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு பத்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன். வசூல் நன்றாக ஆகிறதென்ற சந்தோஷம் எனக்கு. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்; எண் கூவியபோது அவர் சிரிக்கவுமில்லை, பக்கத்தில் இருந்தவரோடு பேசவுமில்லை.

அந்த வாரம் புதன்கிழமை அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். குறை சொல்ல வரவில்லை. "அண்ணா, வின்சென்ட் தே பவுல் சபையிலே சொல்லி, பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸுக்கு ஏதாவது பண்ண முடியுமா? கட்ட வெச்சிருந்தது செலவாயிடுச்சு" என்றாள். எதற்குச் செலவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கென்று நான் ஓர் ஏழைப் பிள்ளையின் கட்டணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இதில் திறமை எது, அதிர்ஷ்டம் எது?

1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413-ஆம் எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. சீட்டாட்டம் போன்ற அதிர்ஷ்ட ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மளவில் நீதிக்கு மாறானவையல்ல என்று முதலில் சொல்கிறது. ஒருவனுடைய தேவைக்கும் அவனை நம்பியிருப்பவர்களின் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது அவை ஒவ்வாதவையாகின்றன என்று பிறகு சொல்கிறது. ஆடும் வெறி அடிமைத்தனமாகிவிடும் என்று எச்சரிக்கிறது. இந்த எண்ணை நான் எத்தனையோ தடவை வகுப்பில் வாசித்திருக்கிறேன். எல்லாத் தடவையும் 'பறிப்பது' என்ற சொல்லுக்கு எழுவாய் சூதாடியே என்று எண்ணி வாசித்தேன். தன் மனைவி மக்களுக்கு உரியதை அவன் பறிக்கிறான் என்று. அது சரிதான். தருமபுத்திரன் சபையில் தோற்றது தம்பியரையும் மனைவியையும். தன்னையே தோற்றவனுக்குப் பிறரை வைத்து ஆட உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பீஷ்மரும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. தனக்கு உரியதல்லாததைப் பணயம் வைக்கிறவன் சூதாடி. ஆனால் காய் உருட்டிய சகுனியும், மண்டபம் கட்டி அழைத்த துரியோதனனும் எங்கே நிற்கிறார்கள்? பறிக்கும் கை இரண்டு. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

சிலுவையடியில் நடந்ததையும் நான் இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். சேசுநாதருடைய தையலில்லாத அங்கியைக் கிழிக்கவேண்டாம், யாருக்கென்று சீட்டுப் போடுவோம் என்று சேவகர் ஆடினார்கள். சீட்டுப் போட்டதில் அவர்களும் மேல்வீட்டில் கூடிய அப்போஸ்தலர்களும் ஒன்றே. அந்தச் சேவகர் கணக்கில் ஒருவரையொருவர் ஏமாற்றவுமில்லை. தங்களுக்குள் வெகு நியாயமாகவே பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கிக்கு உடையவர் தலைக்கு மேலே இறந்துகொண்டிருந்தார். அவர்கள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நானும் அன்று மேஜையில் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அரக்கோணம் வண்டியில் சீசன் டிக்கெட் நண்பர்கள் மடியில் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டு போகிறார்களே, அவர்களையும் இதில் சேர்க்கவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாமென்பேன். தோற்றவன் பட்டாபிராமில் இறங்கி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தால், அவன் வீட்டில் அடுப்பு அணையப் போவதில்லை. அங்கே மேஜைக்குச் சொந்தக்காரன் என்று ஒருவனும் கிடையாது. அதே வண்டியில் அதே சீட்டை ஒருவன் தனியே போனில் ஆடுகிறானென்றால், எதிரே இருப்பது யார், எத்தனை பேர், அவனைப் போல எத்தனை பேருடைய பள்ளிக் கட்டணம் அந்தப் பக்கம் போய்க் குவிகிறது என்பதொன்றும் அவனுக்குத் தெரியாது. நண்பன் என்றால் "போதும்டா, எழுந்திரு" என்று சொல்லுவான். போன் சொல்லாது. நானும் சொல்லவில்லை.

இவ்வளவும் யோசித்துக்கொண்டு மூன்றாம் ஞாயிறு வகுப்புக்குப் போனேன். பையனிடம், அவனுடைய விளையாட்டில் சூதாடி என்று பெயர் போட்டது தப்பென்றே எனக்குப் படுகிறது என்றேன். அவன் தோற்றால் அவன் வீட்டில் யாராவது பட்டினி கிடப்பதாகக் காட்டுகிறார்களா? இல்லை. நீ தோற்றால் உன் அம்மாவுக்கு அரிசி குறைகிறதா? இல்லை. ஆகவே உங்கள் இருவரில் ஒருவரும் சூதாடி அல்ல. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரன் ஒருவனே உண்மையில் சூதாடினவன், அவன் எதிராளிகளின் ஜாபிதாவில் வரவேயில்லை என்றேன்.

பையன் சற்று யோசித்தான். "அவன்கிட்ட சண்டை போட முடியாது சார். பேச மட்டுந்தான் முடியும்" என்றான்.

"பேசினால் என்ன சொல்கிறான்?"

"பெட்டியைக் கொடுத்தப்புறம் வேற ஒண்ணும் பண்ண முடியாது. நாம போயிடுவோம்."

இந்த வருஷம் திருநாளுக்கு ஹவுசி வைப்பதா என்ற பேச்சு பங்குப் பேரவையில் வந்தது. குடும்பத்துக்கு ஒரே சீட்டு, அதுவும் பத்து ரூபாய், அதற்குமேல் யாருக்கும் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாமென்று நான் சொன்னேன். அப்படியானால் கட்டண உதவிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம், அவர் அந்தப் பிள்ளைகளுக்காக வருஷம் முழுவதும் அலைகிறவர். முடிவு இன்னும் ஆகவில்லை. என்னை மேஜையில் போடவேண்டாம், தண்ணீர்ப் பந்தலில் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

போன ஞாயிறு முதற் பூசை முடிந்ததும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். அவர் நின்றிருந்தார். மழையைப் பற்றியும், கொரட்டூர் ஏரியில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றியும் பேசினோம். அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி நான் வாயெடுத்தேன், "விடுங்கண்ணே" என்றார். பிறகு அவராகவே, வகுப்பு அறையில் ஒரு டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறதே, சோக்கு போயிருக்கும், சனிக்கிழமை வந்து மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். சாவி என்னிடம் இருக்கிறது, நாலு மணிக்குத் திறந்துவைக்கிறேன் என்றேன்.